ஊரில் இருக்கும் கணினிக்கு எதை எடுத்துப் போவது, எதை அங்கே வாங்குவது

"வரும்போது அந்தக் கம்ப்யூட்டரையும் கொஞ்சம் பார்த்துவிடு" என்று அப்பா தொலைபேசியில் சொன்னார். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை நம்பி, மூன்று வார விடுமுறையில் 4 நாள்களைத் தொலைத்தவன் நான். 8 ஜிபி டிடிஆர்4 ரேம் (கணினியின் தற்காலிக நினைவக அட்டை; டிடிஆர்3, டிடிஆர்4 என்பவை அதன் தலைமுறைகள்) இரண்டை வாங்கிப் பெட்டியில் பத்திரமாக அடுக்கிக்கொண்டு போனேன். கேபினெட்டைத் திறந்தால் உள்ளே டிடிஆர்3. அதைச் செருகும் ஸ்லாட்டில் 240 பின். என் கையில் இருந்த அட்டைக்கு 288 பின். நடுவில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில். எப்படி அழுத்தினாலும் ஏறாது, அழுத்தவும் கூடாது.

ஆகவே வெளிநாட்டிலிருந்து ஊருக்கு டிக்கெட் போட்டதும் செய்யவேண்டிய முதல் வேலை, வீட்டில் இருக்கும் பிள்ளைகள் யாரிடமாவது கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே நான்கைந்து படம் எடுத்து அனுப்பச் சொல்வது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்று மறக்காமல் சொல்லுங்கள். எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய அட்டையான மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் எண், ரேம் ஸ்லாட்கள், பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் காகிதம் ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரியவேண்டும். விண்டோஸ் 10 ஓடுகிறதென்றால் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தால், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் ரேமின் வேகமும் தெரியும். 1333, 1600 என்று இருந்தால் பெரும்பாலும் டிடிஆர்3. 2133 முதல் 3200 வரை என்றால் டிடிஆர்4. மடிக்கணினியின் ரேம் நீளத்தில் பாதிதான் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும்.

எதைச் சுமந்து போவது, எதை அங்கே வாங்குவது என்பதில் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: நான் திரும்பி வந்தபின் இது பழுதானால் யார் மாற்றித் தருவார்கள்? பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். லண்டனில் வாங்கிய பில்லைக் காட்டி ஊரில் மாற்றித் தரச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். எனவே சிறியதும், எடை குறைந்ததும், எளிதில் கெடாததுமான பாகத்தை எடுத்துப் போகலாம். கனமானதையும் கெடும் வாய்ப்புள்ளதையும் அங்கேயே, சீரியல் எண் எழுதிய பில்லோடு வாங்குவது நல்லது.

எடுத்துப் போகவேண்டியவற்றில் தலையாயது, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி. பழைய கணினி தவழ்வதற்குப் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். செயலியைப் பழிப்பதில் நியாயமில்லை. சுழலும் தட்டில் ஒரு கோப்பைத் தேடிப் பிடிக்க அதன் முள்ளுக்குச் சுமார் 10 மில்லிவினாடி ஆகும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். பத்து ஆண்டு பழைய கணினிகூட இந்த ஒரு மாற்றத்தால் பிழைத்துக்கொள்ளும்.

இதில் ஆசைப்படாதீர்கள். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகையில், என்விஎம்இ என்ற புதிய இணைப்பு முறையில் வரும் எஸ்எஸ்டி பல மடங்கு வேகம் என்பது உண்மைதான். ஆனால் பழைய மதர்போர்டில் அதற்கு இடமே இருக்காது. இடம் இருந்தாலும் சிலவற்றில் அதிலிருந்து விண்டோஸ் தொடங்காது. சில எம்.2 ஸ்லாட்கள் சாட்டா என்ற பழைய இணைப்பு வகையை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இ வகையை மட்டும். நொடிக்குச் சுமார் 550 எம்பி ஓடும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. கூடவே ஒரு சாட்டா கேபிளையும், பழைய டிஸ்க்கிலிருந்து படங்களை நகலெடுக்க ஒரு யுஎஸ்பி அடாப்டரையும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேபிள் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தால்தான் அதன் அருமை தெரியும்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று அப்பா பயப்படுவார். 500 ஜிபி அளவில் 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தரும் மாடல்கள் உண்டு. நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையைத் தொட 40 ஆண்டு பிடிக்கும். அதற்கு முன் மற்ற பாகங்கள் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் பெயர் தெரியாத நிறுவனம், நம்ப முடியாத மலிவு, 2 டெராபைட் என்று வரும் பென்டிரைவையும் வெளி டிஸ்க்கையும் தொடாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு அது. நிரம்பிய பிறகு பழைய கோப்புகளை அழித்து அவற்றின் மேலேயே எழுதும், கல்யாணப் படங்கள் போன பிறகுதான் தெரியவரும்.

ரேம் அடுத்தது. 8 ஜிபி இருந்தால் இணையமும் காணொளி அழைப்பும் ஓடும், 16 இருந்தால் நிம்மதி. ஒரே பெரிய அட்டையைவிடச் சம அளவில் இரண்டு போட்டால் இரட்டைப் பாதையில் ஓடும். திரைக்குப் படத்தை அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு அது நன்றாகவே உதவும். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை உலகெங்கும் ஏறியது. ஆனால் ரேமில் தேயும் பகுதி எதுவும் இல்லை. ஆகவே பழையதை வாங்கத் தயங்க வேண்டாம். புறப்படும் முன் ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டிப் பிழை இல்லையென்று பார்த்துக்கொண்டால் போதும். செயலியையும் அப்படியே பழையதாக வாங்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கையும் பழைய பவர் சப்ளையையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

பவர் சப்ளையை, அதாவது ஊர்க் கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்று கேட்கும் அந்தப் பெட்டியை, அங்கேயே வாங்குங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230. இக்காலத்துப் பெரும்பாலான பெட்டிகள் 100 முதல் 240 வரை தாமே சமாளிக்கும். பழைய வகைகளில் பின்புறம் 115, 230 என்று சிறு சுவிட்ச் இருக்கும். அது 115-இல் இருக்கும்போது ஊரில் செருகினால் வெடிச்சத்தமும் புகையும்தான் மிச்சம். '80 பிளஸ்' என்ற முத்திரை மின்சிக்கனத்தைத்தான் சொல்கிறது, ஆயுளைச் சொல்லவில்லை. கையில் தூக்கிப் பாருங்கள்; அநியாயத்துக்கு லேசாக இருந்தால் உள்ளே சிக்கனம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினிக்கு 450 வாட் தாராளம். ஆயத்தமாக விற்கும் பெரிய நிறுவனக் கணினிகள் சிலவற்றில் பவர் சப்ளையின் வடிவமும் இணைப்புமே வேறு. படத்தில் அதையும் பாருங்கள்.

யுபிஎஸ்ஸும் அங்கேதான். அதில் இருப்பது ஈய பேட்டரி. கனத்துக்காகவே விமானத்தில் வேண்டாம். அடிக்கடி மின்தடை வரும் வீடென்றால், ரேமுக்கு முன்னால் யுபிஎஸ் வாங்குங்கள்.

செலவு செய்யும் முன் இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசை ஆகிய செயலிகள் முதல்தான் ஏறும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதற்கு முந்தைய செயலி என்றால் இரண்டு வழி: எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுவது, அல்லது மதர்போர்டு, செயலி, ரேம் மூன்றையும் மாற்றுவது. செயலியை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இன்டெல் 7-ஆம், 8-ஆம் தலைமுறைச் செயலிகள் உட்காரும் சாக்கெட்டில் பின் எண்ணிக்கை ஒன்றுதான், 1151. ஆனாலும் ஒன்றின் போர்டில் மற்றது ஓடாது.

புதிதாகவே சேர்ப்பதென்றால், பழைய டிடிஆர்4 ரேம் கையில் இருப்பவருக்கு, ரைசன் செயலிகளுக்கான ஏஎம்4 வகை மதர்போர்டு பணத்தை மிச்சப்படுத்தித் தரும். அதற்கு அடுத்து வந்த ஏஎம்5 போர்டு டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். செயலியின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5600-க்கும் இல்லை, 5600ஜி-க்கு உண்டு. இதைக் கவனிக்காமல் வாங்கினால் எல்லாம் ஓடும், திரையில் மட்டும் ஒன்றும் வராது.

பாகங்களை அவற்றின் உறையிலேயே கைப்பையில் வையுங்கள். திருப்புளி மட்டும் பெரிய பெட்டிக்குள் போகட்டும். பில்லை எடுத்துச் செல்லுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.

வேலை முடிந்ததும் உள்ளே தூசியை ஊதி எடுத்து, எறும்பு குடியேறியிருக்கிறதா என்று பார்த்து, கழற்றிய பழைய டிஸ்க்கை உறையிலிட்டு அலமாரியில் வையுங்கள். ஆறு மாதமாவது அது அழியாமல் அங்கேயே இருக்கட்டும். ஊரில் வாங்கியவற்றின் பில்களைப் படம் எடுத்துக்கொண்டு, அசலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கேபினெட்டின் உள்பக்கத் தகட்டில், விசிறி இழுக்காத இடமாகப் பார்த்து ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அப்பா அழைக்கும்போது தேட வேண்டியிருக்காது.