புறா எச்சத்தை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள்

சென்னையில் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்குப் புறாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏசி பெட்டிக்குப் பின்னால், பாத்ரூம் ஜன்னல் திட்டில், காயப்போட்ட வேட்டியில், எங்கே பார்த்தாலும் எச்சம். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அதைப் பார்த்ததும் ஒரு நப்பாசை வரும், கோழி எருவைக் காசு கொடுத்து வாங்குகிறோமே, இது சும்மா கிடக்கிறதே என்று. எனக்கும் வந்தது. பழைய பெயிண்ட் வாளியில் பாதி அளவு சுரண்டி எடுத்து, பூத்துக்கொண்டிருந்த ஆறு மிளகாய்ச் செடிகளுக்கும் தூரில் போட்டுத் தண்ணீர் விட்டேன். நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோனது. பத்து நாளில் ஆறும் குச்சி.

பறவைகள் மூத்திரம் தனியாகப் போவதில்லை. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் யூரிக் அமிலம், தழைச்சத்து (நைட்ரஜன்) நிறைந்தது. மண்ணில் ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்கும், அந்தக் காரத்தை இளம் வேர் தாங்காது. அதோடு உப்பும் சேர்கிறது. நம் ஊரில் பாதிப் பேர் செடிக்கு ஊற்றுவது போர் தண்ணீர், அதுவே உப்பு, சொல்லவா வேண்டும்.

இவ்வளவு வீரியம் இருப்பதால்தான் அதற்கு மதிப்பும். ஈரானில் இஸ்ஃபகான் பக்கம் முலாம்பழத் தோட்டத்துக்கு எரு சேர்க்கவே புறாக்களுக்குக் கோபுரம் கோபுரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், இங்கே வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்லது என்று தெரிந்துதான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைச் சுட விடாமல் காத்தார்கள். ஏரியில் விழுந்து கரைந்து வயலுக்குப் பாய்வது வேறு, பன்னிரண்டு அங்குலப் பையில் ஒரு வாளி கொட்டுவது வேறு, அவ்வளவுதான்.

சரி, எங்கே எடுப்பது? பால்கனி எச்சத்தை நான் இப்போது தொடுவதில்லை. அதில் பினாயில் இருக்கும், ஆசிட் இருக்கும், யாராவது போட்ட பூச்சி மருந்து இருக்கும். நல்ல சரக்கு வேண்டுமென்றால் புறா வளர்ப்பவர்களிடம் போங்கள். வடசென்னையில் பந்தயப் புறா வளர்க்கும் மொட்டை மாடிகளுக்குப் பஞ்சமே இல்லை. கூண்டு கழுவும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, "அண்ணே, அந்தக் குப்பையை நானே அள்ளிக்கிறேன்" என்றால் மறுக்க மாட்டார்கள், டீயும் வாங்கித் தருவார்கள். அவர்கள் கம்பு, சோளம், பயறு என்று நல்ல தீனி போடுகிறவர்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: சமீபத்தில் புறாவுக்குச் சீக்கு வந்ததா, மருந்து ஏதும் கொடுத்தார்களா. ஆமாம் என்றால் அந்தத் தடவை வேண்டாம்.

அள்ளும்போது செய்யக்கூடாத வேலை, காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்குவது. காய்ந்து தூளாகி மூக்கில் ஏறினால் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை நுரையீரலுக்குப் போகலாம், சிலருக்கு அங்கிருந்து மூளைக்காய்ச்சல் வரை போகும். பல வருஷம் புறாத் தூசியிலேயே இருப்பவர்களுக்கு அதனாலேயே நுரையீரல் ஒவ்வாமை வருவதும் உண்டு. ஆகவே முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிடுங்கள், என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, கொத்துக்கரண்டியால் ஈரமாகவே சுரண்டி அள்ளுங்கள். வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம், தூசியை வீடு முழுக்கப் பரப்பிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்த யாராக இருந்தாலும் இந்த வேலைக்கே வராதீர்கள். செடிக்கு மாட்டுச் சாணம் போதும், உயிருக்கு ஆபத்தில்லை.

இனி மக்கவைப்பது. ஒரு பங்கு எச்சத்துக்கு மூன்று நான்கு பங்கு சருகு, எடைக் கணக்கு அல்ல, வாளிக் கணக்கு. புங்கை, வேம்பு, வாதாம் என்று தெருவில் எது உதிர்ந்து கிடக்கிறதோ அது. மாசி, பங்குனியில் புங்கை கொட்டும்போது நான் நாலைந்து சாக்கு கட்டி வைத்துவிடுவேன். வாதாம் இலையை மட்டும் நொறுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் அப்பளம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். சருகு கிடைக்காதவர்கள் கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள், மரத்தூள் கலக்கலாம். அடியில் ஒரு சாண் சருகு, அதன்மேல் மெல்லிசாக எச்சம், பிறகு சருகு, இப்படி மாற்றி மாற்றி. கடைசி அடுக்கு சருகாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். பழைய கம்போஸ்ட் இரண்டு கை தூவினால் சீக்கிரம் பிடிக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அதுதான் சரியான ஈரம்.

நாற்றம் வருகிறதே என்று அடுப்புச் சாம்பலையோ சுண்ணாம்பையோ கொட்டிவிடாதீர்கள். நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள், நானும் செய்தேன். காரம் சேர்ந்தால் அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும், நாற்றமும் கூடும், நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த தழைச்சத்தும் காற்றோடு போய்விடும். மூக்கைத் துளைக்கிற நெடி என்றால் சருகு போதவில்லை என்று அர்த்தம், இன்னொரு வாளி சருகைக் கலந்து கிளறுங்கள், அடங்கிவிடும்.

குவியல் மூன்றடிக்கு மூன்றடி, உயரமும் மூன்றடி இருந்தால்தான் உள்ளே சூடு ஏறும். 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நின்றால் கிருமிகள் பெரும்பாலும் செத்துப்போகும், கையை உள்ளே விட்டால் வைத்திருக்க முடியாத சூடு அது. சூடு தணியத் தணியக் கிளறி, வெளியில் இருப்பது உள்ளே போகும்படி புரட்டிப் போட வேண்டும், நாலைந்து தடவையாவது. ஆனால் ஈரத்தோடு இது அரை டன்னை நெருங்கும், பழைய வீட்டு மொட்டை மாடியில் வைக்காதீர்கள், தரையில் ஒரு மூலை இருந்தால் மட்டும். நம்மில் பலருக்கு ஓட்டை போட்ட டிரம்மோ வாளியோதான் கதி. அதில் அந்தச் சூடு வராது. அதனால் பொறுமைதான் வழி, ஆறு மாதம் விட்டுவிடுங்கள், அப்போதும் அந்த உரத்தைக் கீரைக்கும் முள்ளங்கிக்கும் போடாமல் செம்பருத்தி, ரோஜா, முருங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சையாகத் தின்கிற, மண்ணைத் தொட்டு வளர்கிற எதற்கும் வேண்டாம்.

ஆயிற்றா இல்லையா என்று பார்க்க நான் வெந்தயத்தை நம்புகிறேன். கொட்டாங்குச்சியில் உரமும் மண்ணும் பாதிப் பாதி கலந்து கொஞ்சம் வெந்தயம் தூவுங்கள், இன்னொன்றில் வெறும் மண்ணில் தூவுங்கள். ஐந்து நாளில் இரண்டும் ஒரே மாதிரி பச்சையாக எழுந்தால் உரம் தயார். உரத்தில் போட்டது மட்டும் முளைக்கவில்லை, இல்லை முளைத்துக் கருகியது என்றால் இன்னும் ஒரு மாதம்.

போடும் அளவில் கை இறுக்கம் வேண்டும். புதிதாகத் தொட்டி நிரப்பும்போது மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். வளர்ந்த செடிக்கு மாதத்துக்கு ஒரு கைப்பிடி, தண்டை ஒட்டிப் போடாமல் தொட்டி ஓரமாக, மேல் மண்ணைக் கிளறி மூடி, உடனே தண்ணீர். கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் மொட்டு வைத்ததும் நிறுத்திவிடுங்கள், தழைச்சத்து மிஞ்சினால் செடி மதமதவென்று இலையாக நிற்கும், காய் பிடிக்காது. பார்க்க அழகாக இருக்கும், குழம்புக்கு ஆகாது.

எச்சத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் திரவ உரமாக ஊற்றலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். திறந்து வைத்த வாளியில் கொசு முட்டையிடும், தெளிக்கும்போது இலையில் பட்டால் கருக்கும், கீழ் வீட்டுப் பால்கனியில் சொட்டினால் அப்புறம் லிஃப்ட்டில் முகம் பார்க்க முடியாது. இந்த மூன்றாவது எனக்கு நடந்தது.

கம்பு தின்ற புறா என்றால் உரத்திலிருந்து அங்கங்கே கம்பு முளைக்கும், நன்றாகச் சூடேறாத வாளி உரத்தில் இது சகஜம். சின்னதாக இருக்கும்போதே பிடுங்கித் திரும்ப வாளியிலேயே போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தார்ப்பாய் ஒன்றை வாங்கி மூடிக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தெல்லாம் கரைந்து மாடிக் குழாய் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். கத்திரி வெயிலில் இதற்கு நேர்மாறு, இரண்டு நாளில் காய்ந்து தூசியாகிவிடும். அப்போது கிளறுவதற்கு முன்னால் மறக்காமல் தண்ணீர் தெளித்து, முகக்கவசத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.