பாரிஸ் மியூசியம் பாஸ்: முதலில் நேரத்தைப் பிடியுங்கள், அப்புறம் பாஸ் வாங்குங்கள்

பாரிஸுக்குப் போகிறேன் என்று சொன்னாலே யாராவது ஒருவர், "மியூசியம் பாஸ் வாங்கிடுங்க, க்யூவே கிடையாது" என்பார். ஒரே சீட்டில் பல அருங்காட்சியகங்களுக்குள் நுழைய விடும் பாஸ் இது. ஆனால் க்யூ இல்லை என்பது பாதிதான் உண்மை. டிக்கெட் வாங்கும் வரிசையில் மட்டும்தான் நிற்க வேண்டியதில்லை, பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரும் நிற்க வேண்டும். அதைவிட முக்கியமான விஷயம், லூவர் அருங்காட்சியகம், சாந்த் ஷாப்பெல் தேவாலயம், ஒராஞ்சரி அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை இந்த நான்குக்கும் பாஸ் கையில் இருந்தாலும் இன்ன நாள், இன்ன மணி என்று முன்பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்குத் தனிக் காசு இல்லை, ஆனால் நேரம் தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான்.

நாங்கள் முதல் தடவை போனபோது பாஸைப் பத்திரமாக ஊரிலிருந்தே வாங்கிவிட்டு, பதிவை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விடுதி அறையில் உட்கார்ந்து போனில் தேடினால் நாங்கள் இருக்கும் நாட்கள் எதிலும் லூவருக்கு ஒரு இடம்கூட இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிப் பிரமிடை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: முதலில் லூவரின் தளத்தைத் திறந்து உங்கள் தேதிக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பாஸை வாங்குங்கள், வாங்கிய கையோடு பதிவையும் முடித்துவிடுங்கள்.

சரி, பாஸ் லாபமா? 2, 4, 6 நாள் என்று மூன்று வகை இருக்கிறது, 50-க்கும் மேற்பட்ட இடங்களுக்குச் செல்லும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு தடவைதான் நுழையலாம். நீங்கள் நிஜமாகவே போகப்போகிற இடங்களின் டிக்கெட் விலையைக் கூட்டிப் பாருங்கள், ஆசைப்படுகிற இடங்களை அல்ல. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு லூவர் மட்டுமே 32 யூரோ, அதனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று இடம் பார்க்கும் கால்கள் இருந்தால் பாஸ் கட்டுப்படியாகும். லூவரும் ஈபிள் கோபுரமும் போதும் என்பவர்கள் வாங்கவே வேண்டாம். ஈபிள் இதில் இல்லை, பூமிக்கடியில் எலும்புகளை அடுக்கி வைத்திருக்கும் கட்டகோம்ப் இல்லை, மெட்ரோவும் இல்லை. நவீனக் கலைக்கான பொம்பிடு மையம் 2025 முதல் புதுப்பிப்பு வேலைக்காக மூடிக்கிடக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பாஸ் செல்லும் இடங்களில் பெரும்பாலும் இலவசம்தான், அவர்களுக்குப் பாஸ் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், ஆனால் லூவருக்குப் பதிவு செய்யும்போது அவர்களையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

இனி நேரக் கணக்கு. 2 நாள் பாஸ் என்றால் 48 மணி நேரம், முதல் வாசலில் ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து ஓடும். காலையில்தான் தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய்க்கும் திங்கள். ஆனால் லூவர் புதன், வெள்ளி இரவு 9 வரையும், ஓர்சே வியாழன் இரவு 9.45 வரையும் திறந்திருக்கும். இதை வைத்து நான் இரண்டாவது தடவை போட்ட கணக்கு இது. புதன் பிற்பகல் 2 மணிக்கு லூவரில் பாஸைத் திறந்தோம், கூட்டம் வடிகிற மாலை வரை உள்ளேயே இருந்துவிட்டு அங்கேயே 1-ஆம் எண் மெட்ரோ பிடித்து நேராக வெற்றி வளைவு (ஆர்க் த திரியோம்ப்). சாலையைக் குறுக்கே கடக்க முயலாதீர்கள், உயிருக்கு ஆபத்து, சுரங்கப்பாதை வழியாகப் போங்கள். வளைவின் உச்சிக்கு ஏற 284 படி. அம்மா பாதியில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார், மேலே போனதும் பன்னிரண்டு சாலைகளிலும் விளக்கு வரிசை விரிந்து கிடப்பதைப் பார்த்து அசையாமல் நின்றார்.

வியாழன் காலை சாந்த் ஷாப்பெல். இது நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் சோதனை கறார், பையில் பழம் நறுக்கும் கத்தி, கத்தரிக்கோல் இருந்தால் விடுதியிலேயே வைத்துவிடுங்கள். வெயில் அடிக்கும் நேரமாகப் பார்த்துப் பதிவு செய்தால் 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஓவியங்களின் நீலமும் சிவப்பும் தரையில் விழுந்து, உங்கள் கைமேலும் விழும். பக்கத்திலேயே பழைய சிறைச்சாலையான கோன்சியெர்ஜெரி, அதையும் முடித்துவிடலாம். மதியம் ஓய்வு. மாலை ஓர்சே.

வெள்ளி 2 மணிக்கு முன்னால் எங்கே போவது என்றால், தமிழர்களுக்கு நான் சொல்வது ஆசியக் கலைகளுக்கான கிமே அருங்காட்சியகம்தான். இயேனா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது, பாஸ் செல்லும், இதற்கும் செவ்வாய் விடுமுறை. உள்ளே சோழர் காலத்து நடராசர் வெண்கலம். கோயிலில் பட்டும் மாலையும் சாத்தி, தீபம் காட்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் தெரிகிற உருவத்தை இங்கே ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கலாம், தூக்கிய காலின் வளைவு, விரிந்த சடை, காலடியில் முயலகன். அம்மா செருப்பைக் கழற்றப் போனார், காவலர் சிரித்தபடி வேண்டாம் என்று கையசைத்தார்.

வெர்சாயை 2 நாள் பாஸில் திணிக்காதீர்கள், போகவர மட்டுமே அரை நாள் போய்விடும். 4 நாள் பாஸ் இருந்தால் ஒரு முழு நாளை அதற்கே ஒதுக்குங்கள். இசை நீரூற்றுக் காட்சி நடக்கும் நாட்களில் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், பாஸ் அங்கே செல்லாது.

பாஸை போனில் வைத்திருந்தாலும் ஒரு காகித நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் படம் எடுத்துத் தள்ளிய பிறகு, மாலை வாசலில் நிற்கும்போதுதான் சார்ஜ் தீரும்.