ஒகேனக்கல்லில் பரிசல் வலிப்பது எப்படி

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். போகவேண்டிய திசையைப் பார்த்து, விளிம்பை ஒட்டி உட்காருங்கள். துடுப்பை நேர் முன்னால் இறக்கி, நீருக்குள் எட்டு எழுதுவதுபோல் வளைத்து உங்கள் பக்கம் இழுங்கள். தோளை மட்டும் நம்பினால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். இடுப்பும் சேர்ந்து அசைய வேண்டும்.

ஆட்களை வட்டமாக, தரையோடு உட்கார வையுங்கள். எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை கட்டாயம். படம் எடுக்க ஒருவர் எழுந்தாலும் பாரம் ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் ஏறும்.

பாறையில் உரசினால் பரிசலின் அடியில் பூசிய தார் விரிசல் விட்டுக் கசியும். கரையேறியதும் கவிழ்த்து, நன்றாகக் காய்ந்த பிறகே தார் பூசுங்கள். ஈரத்தில் பூசினால் உரியும்.

காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடி மாவட்ட நிர்வாகம் தடை போட்டால், எத்தனை அனுபவம் இருந்தாலும் இறங்கவே கூடாது.