வேலையில் காயம்பட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்

என் மச்சான் திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் ஒரு இடத்தில் வெல்டிங் வேலை செய்தவர். இரும்புத் தகடு சரிந்து வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன சுப்பவைசர் வழியிலேயே, "வீட்டுக் கதவில் நசுங்கினது என்று சொல்லு தம்பி, வேலைத்தளம் என்றால் பொலிஸ் வரும், செலவை நாங்கள் பார்க்கிறோம்" என்றாராம். மச்சானும் அப்படியே சொன்னார், டாக்டரும் அப்படியே எழுதினார். இரண்டு கிழமை செலவைப் பார்த்தார்கள், பிறகு ஃபோனைக்கூட எடுக்கவில்லை. நட்டஈடு கேட்கப் போனபோது அந்தக் "கதவு" என்ற ஒரு சொல்தான் குறுக்கே வந்து நின்றது.

அதனால் ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்: எந்த இடத்தில், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது, எத்தனை மணிக்கு. அங்குள்ள பொலிஸ் வாக்குமூலம் எடுத்தால் அதையேதான் சொல்லவேண்டும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும், காயமும் வைத்தியமும் எழுதிய டயக்னோசிஸ் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள், வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது முதலாளிக்கு அறிவிப்பது. இலங்கையின் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், விபத்து நடந்ததும் முடிந்தளவு விரைவாக அறிவிக்கவேண்டும் என்கிறது. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், எழுதுங்கள். பெரிய கடிதம் தேவையில்லை, "இன்று காலை 10.20க்கு, இரண்டாவது களஞ்சியத்தில் மூட்டை இறக்கும்போது ஏணி சறுக்கி விழுந்து இடது முழங்கையில் அடிபட்டது, பக்கத்தில் இன்னார் நின்றார்" என்று திகதியும் கையெழுத்தும் போட்டால் போதும். கடிதத்தின் ஒரு பிரதியில் வாங்கியவரின் கையெழுத்தை எடுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். படுக்கையில் இருந்தால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போடுங்கள், கடிதத்தை வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

சின்ன அடிதானே என்று விடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுப்படுகிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது இடுப்பில் லேசாகப் பிடிக்கும், எண்ணெய் தடவிக்கொண்டு படுப்போம், நாலாம் நாள் எழும்ப முடியாது. அப்போது போய்ச் சொன்னால், வீட்டில் கிணற்றடியில் விழுந்திருப்பாய் என்று கதை திரும்பும். நாலாம் நாள்தான் தெரியவந்தது என்றாலும் பரவாயில்லை, அன்றைக்காவது எழுதிக் கொடுங்கள், இன்னும் தள்ளிப்போடாதீர்கள். தொழிற்சாலை என்றால் இன்னொன்றும் இருக்கிறது: ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தால் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை.

நான் கொந்தராத்து ஆள், நாட்கூலி, எனக்கு இதெல்லாம் கிடைக்காது என்று நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் கட்டட வேலையில் நிற்கும் பெடியன்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி நீங்களாக முடிவு கட்டாதீர்கள். தன் தொழிலுக்காகக் கொந்தராத்துக் கொடுத்தவரும் பொறுப்பாகலாம். அந்த நட்டஈட்டுச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தத்தின்படி வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் கேட்கலாம். அதே திருத்தம் நட்டஈட்டின் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. கிண்ணியாப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர் விழுந்தால், அது வேலைக்குப் போகும் வழி என்பதையும் சேர்த்தே பொலிஸ் முறைப்பாட்டில் எழுதுவியுங்கள்.

முதலாளி தன் செலவில் ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னால் மறுக்காதீர்கள், மறுத்தால் நட்டஈட்டை நிறுத்திவைக்க இடமுண்டு. ஆனால் "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவேண்டாம். ஏற்கனவே போட்டுவிட்டீர்களா? சரி, பயப்படாதீர்கள், அப்படி உரிமையை எழுதிக் கொடுப்பதைச் சட்டம் ஏற்பதில்லை.

விண்ணப்பம் கொழும்பிலுள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போகவேண்டும். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் திருமலைத் தொழில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். விபத்து நடந்து 2 வருடத்துக்குள் கேட்கவேண்டும். அது நீண்ட காலம் போலத் தெரியும், ஆனால் பார்த்த சாட்சி அதற்குள் கட்டாருக்குப் போய்விடுவார், சுப்பவைசர் மாறிவிடுவார். ஆகவே அந்தக் கிழமைக்குள்ளேயே சாட்சியின் பெயரையும் ஃபோன் நம்பரையும் எழுதி, காயத்தையும் விழுந்த இடத்தையும் படம் எடுத்து, சம்பளத் துண்டு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) விபரம், டயக்னோசிஸ் கார்ட், மருந்துப் பில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். அந்த ஃபைலை வீட்டில் வையுங்கள், வேலையிடத்து லொக்கரில் வேண்டாம். மச்சானின் சம்பளத் துண்டுகள் இன்னும் அந்த லொக்கரில்தான் கிடக்கின்றன.