வடக்கில் உதவி தேவைப்படும்போது யாரை நாடுவது?

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ நீண்ட காலம் வாழ்ந்தவர்களுக்கு, தாம் வாழும் தொகுதிக்கென ஒரே ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இருப்பதும், எந்தச் சிக்கலானாலும் அவருக்கு எழுதிப் போடுவதும் பழகிப்போன வழி. அதே எண்ணத்தோடு யாழ்ப்பாணம் வந்து “எங்கள் ஊருக்கு எம்.பி. யார்?” என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது. மானிப்பாய், காங்கேசன்துறை, உடுப்பிட்டி என்று தொகுதிப் பெயர்கள் இன்றும் பேச்சில் வழங்கினாலும், 1989 முதல் உறுப்பினர்கள் விகிதாசார முறையில் தேர்தல் மாவட்டம் முழுவதற்குமாகவே தெரிவாகின்றனர். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பது யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிர்வாக மாவட்டங்களையும் சேர்த்தது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டம். 2024 நவம்பர் 14 தேர்தலில் இரண்டிலிருந்தும் ஆறு ஆறு பேர் தெரிவாகினர். நெடுந்தீவில் வீடு உள்ளவருக்கும் பரந்தனில் வயல் உள்ளவருக்கும் அதே ஆறு பேர்தான்.

உங்கள் ஊருக்கென்றே தெரிவான ஒருவர் வேண்டுமானால் அவர் உள்ளூராட்சி சபையில் இருக்கிறார். 2018 பெப்ரவரித் தேர்தலிலிருந்து சபை உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் வட்டாரவாரியாகவும் எஞ்சியோர் விகிதாசாரப் பட்டியல் வழியாகவும் வருகின்றனர். தற்போதைய சபைகள் 2025 மே 6 தேர்தலின் பின் அமைந்தவை. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகள் உறுப்பினர்களின்றிச் செயலாளர்களின் கீழ் இயங்கின. ஆகவே முந்தைய பயணத்தில் குறித்து வைத்த தவிசாளரின் தொலைபேசி இலக்கம் இப்போது பயன்படாமல் போகலாம்.

புறப்படுமுன் ஊரிலுள்ள உறவினரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை, உங்கள் வீடு அல்லது காணி அமைந்துள்ள கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலகப் பிரிவு, உள்ளூராட்சி சபையும் வட்டாரமும் ஆகியவை. யாழ்ப்பாண மாவட்டத்தில் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு ‘ஜே’ என்று தொடங்கும் இலக்கம் உண்டு. அந்த இலக்கம் கையில் இருந்தால் எந்த அலுவலகத்திலும் பாதி விளக்கம் மிச்சமாகும். செயலகத்தின் பெயரும் சபையின் பெயரும் பல இடங்களில் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். உடுவில் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள வீடு வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்கும், சண்டிலிப்பாய்ப் பிரிவிலுள்ள வீடு வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்கும் உரியது. கண்டாவளைக்குத் தனிச் செயலகம் இருந்தாலும் சபை கரைச்சிதான். நல்லூர்ச் செயலகப் பிரிவிலோ ஒரு பகுதி மாநகர சபையின் கீழும் மறு பகுதி நல்லூர்ப் பிரதேச சபையின் கீழும் வருகிறது.

செயலகத்தையும் சபையையும் குழப்பிக்கொள்வதால்தான் குறுகிய விடுமுறையில் வருவோரின் நாட்கள் வீணாகின்றன. பிரதேச செயலகம் தேர்தலில் தெரிவானவர்களின் இடமன்று. மத்திய அரசின் நிர்வாக அலுவலகம். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்ப் பிரதிகள், அரச காணிக்கான அனுமதிப்பத்திரங்களும் அளிப்புகளும், வதிவிட உறுதிப்பாடு ஆகியவற்றுக்கு அங்கேதான் போக வேண்டும். அதற்கும் முதற்படி கிராம அலுவலர். வயதானவர்கள் இன்றும் விதானையார் என்று சொல்வது இவரைத்தான். அவர் எல்லா நாட்களிலும் அலுவலகத்தில் இருப்பதில்லை என்பதால் அலுவலக நாளைக் கேட்டறிந்து போவது நல்லது. தனியார் உறுதிக் காணியின் பதிவைத் தேடுவோர் செயலகத்துக்கன்றிக் காணிப் பதிவகத்துக்குச் செல்ல வேண்டும். இத்தகைய கோப்புகளில் சபை உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

சபையின் பொறுப்பு வேறு: ஒழுங்கைகள், வடிகால், தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம், பொது நூலகம், கட்டட அனுமதி, ஆதன வரி. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஆதன வரி நிலுவை இருக்கிறதா, ஆதனப் பதிவேட்டில் இன்னும் காலஞ்சென்ற தாத்தாவின் பெயரே இருக்கிறதா என்பதைச் சபை அலுவலகத்தில் பார்க்கலாம். மதில் கட்டுவதற்கும் அனுமதி தேவை. வீதி பழுதென்று முறையிடுமுன் அது யாருடைய வீதி என்று அறிய வேண்டும். ஏ-9 போன்ற ஏ, பி தரப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை. எஞ்சிய உள்வீதிகள்தாம் சபையினுடையவை. ஊர்ச் சங்கங்கள் வெளிநாட்டில் பணம் சேர்த்து ஒழுங்கை போடவோ தெருவிளக்கு பொருத்தவோ முன்வருவது பெருமைக்குரியது. ஆனால் பணத்தை யாரிடமும் கொடுக்கும் முன் சபைக்கு எழுத்தில் அறிவித்து, சபையின் தீர்மானத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். சபையின் பொறுப்பில் பதியப்படாத விளக்கு அணைந்துபோனால் அதை மாற்ற யாரும் வரமாட்டார்கள்.

பாடசாலை, கிராமிய வைத்தியசாலை, விவசாயம் போன்ற பல துறைகள் மாகாண சபைக்குரியவை. ஆனால் 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கில் அதற்கும் ஓராண்டு முன்பே முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தப்படாததால் இத்துறைகளில் மக்களுக்குப் பதில் சொல்லும் மாகாண உறுப்பினர் எவரும் இல்லை. இது நமக்கு இழைக்கப்பட்டுவரும் பெரும் குறை. இப்போதைக்குப் பாடசாலை விடயமென்றால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும், அதற்கு மேல் மாகாணத் திணைக்களத்துக்கும் ஆளுநர் செயலகத்துக்கும் எழுதலாம். தேசிய பாடசாலைகளும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் நேரே மத்திய அமைச்சுகளின் கீழ் உள்ளவை.

பாராளுமன்ற உறுப்பினரை நாட வேண்டிய இடங்கள் பெரியவை: படையினர் வசமுள்ள காணி, காணாமலாக்கப்பட்ட உறவினர் தொடர்பான விசாரணை, அதிகாரிகள் மாதக்கணக்கில் பதிலளிக்காத கோப்பு, ஊர் முழுவதையும் பாதிக்கும் அரசாணை. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி, வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வர வேண்டும் என்றபோது, வெளிநாட்டிலுள்ள உரிமையாளர்களே அதிகம் பதறினர். எதிர்ப்புகளும் உயர் நீதிமன்ற வழக்கும் எழுந்தபின் அது மீளப்பெறப்பட்டது. இப்படியான விடயத்தில் கட்சி பார்க்காமல் மாவட்டத்தின் ஆறு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதுதான் சரி. மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் உறுப்பினர்களும் திணைக்களத் தலைவர்களும் ஒரே மேசையில் இருப்பதால், கூட்டத் திகதியைச் செயலகத்தில் கேட்டு, அதற்கு முன்னரே கடிதத்தைச் சேர்ப்பித்தால் பயன் கூடும்.

கடவுச்சீட்டுத் தொலைந்தாலோ யாராவது கைதானாலோ மேற்சொன்ன எவரும் முதல் ஆளல்லர். பொலிஸ் 119, அவசர நோயாளர் வண்டி 1990. அடுத்து உங்கள் நாட்டின் கொழும்புத் தூதரகம். எந்த அரச அலுவலகம் என்று தெரியாதபோது 1919 என்ற அரச தகவல் நிலையத்தைக் கேட்கலாம்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ், பதிலையும் தமிழிலேயே பெற உங்களுக்கு உரிமை உண்டு. பிரிவு இலக்கம், ஆதன இலக்கம், கேட்பது இன்னதென்ற ஒரே ஒரு வேண்டுகோள் ஆகியவற்றோடு ஒரு பக்கத்தில் முடித்து, பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் திரும்பியபின் பின்தொடர ஊரில் ஒருவரைப் பெயர் குறித்து அதே கடிதத்தில் அறிவியுங்கள். காணி, வங்கி போன்றவற்றுக்கு அது போதாது, உங்கள் சார்பில் செயற்பட ஒருவருக்குச் சட்டப்படி அதிகாரம் அளிக்கும் அற்றோணித் தத்துவம் வேண்டும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அந்த உரிமை இலங்கைக் குடிமக்களுக்கு மட்டுமே என்பதால், வெளிநாட்டுக் குடியுரிமை மட்டுமே உள்ளவர்கள் ஊரிலுள்ள உறவினரின் பெயரில் அந்த விண்ணப்பத்தைக் கொடுக்கச் செய்ய வேண்டும்.