பிட்ஃபால் காட்டின் 32 புதையல்களையும் எடுக்கும் வழி

அட்டாரி 2600 என்னும் வீடியோ விளையாட்டுக் கருவிக்காக டேவிட் கிரேன் உருவாக்கி, ஆக்டிவிஷன் நிறுவனம் 1982இல் வெளியிட்ட 'பிட்ஃபால்' விளையாட்டில், ஹாரி என்னும் வீரனைக் காட்டுக்குள் ஓடவிட்டு, 20 நிமிடங்களுக்குள் 32 புதையல்களையும் எடுக்க வேண்டும். விரல்களில் வேகம் இருந்தால் போதும் என்று நம்பித் தொடங்குபவர்கள் பாதிக் காட்டைத் தாண்டும் முன்பே நேரத்தை இழந்துவிடுவார்கள். முழு வெற்றியை விரும்புபவர் முதலில் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டியவை ஒரு தாளும் ஒரு பென்சிலும்.

காரணம், இந்தக் காடு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவதில்லை. கருவியின் நினைவகம் 128 பைட், விளையாட்டைப் பதிந்து கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 4 கிலோபைட். 255 திரைகளின் படங்களைத் தனித்தனியே சேமிக்க அதில் இடமே கிடையாது. ஆகவே கிரேன், எட்டு பிட் (0 அல்லது 1 ஆன இலக்கம்) கொண்ட ஒரே எண்ணை எடுத்து, அதிலிருந்து அடுத்த திரைக்குரிய எண்ணும் முந்தைய திரைக்குரிய எண்ணும் பிறக்கும்படி ஒரு கணக்கை அமைத்தார். அந்த எண்ணின் மூன்று பிட்கள், ஏணியுள்ள குழியா, தார்க்குழியா, முதலைக் குளமா என்பதைத் தீர்மானிக்கின்றன. அவற்றால் அமையக்கூடிய எட்டு வகைகளுள் ஒன்றில் மட்டுமே புதையல் இருக்கும் என்பதால்தான் புதையல்களின் எண்ணிக்கை சரியாக 32 ஆயிற்று. இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு பெரிய காட்டை அடக்கிய அந்தத் திறமையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. விளையாடுபவருக்கு இதில் உள்ள பயன், இன்று குறித்துவைத்த வழி நாளைக்கும் அப்படியே பொருந்தும் என்பது.

வரைபடம் போடுவதற்கு முன் கை பழக வேண்டும். பொத்தானை அழுத்தினால் ஹாரி தாவுவான். மேலிருந்து தொங்கி ஆடும் காட்டுக்கொடியை நோக்கித் தாவினால் தானாகவே பற்றிக்கொள்வான். அக்கரை வந்ததும் ஜாய்ஸ்டிக்கைக் கீழே இழுத்தால் கொடியை விட்டுவிடுவான். விரிந்து சுருங்கும் குழி முழுவதும் மூடிய பிறகே ஓட வேண்டும். முதலைகள் வாயை மூடும் நொடி வரை கரையிலேயே பொறுத்திருந்து, பின்பு தலைக்குத் தலை தாவிக் கடக்க வேண்டும். உருளும் மரக்கட்டை மேலே பட்டால் புள்ளிகள் குறையுமே தவிர உயிர் போகாது. பாம்பும் நெருப்பும் தேளும் பட்டால் மூன்று உயிர்களில் ஒன்று போய்விடும். கிரேன் முதலில் ஒரே ஓர் உயிரைத்தான் வைத்திருந்தார் என்பதும், உடன் பணிபுரிந்தவர்கள் வற்புறுத்திய பிறகே அதை மூன்றாக்கினார் என்பதும் புதியவர்களுக்குச் சற்று ஆறுதல் தரும்.

தொடக்கத்திலிருந்தே இடப்பக்கமாக ஓடுங்கள். மரக்கட்டைகள் வலமிருந்து இடமாக உருள்வதால் அவை நம்மை நேருக்கு நேர் எதிர்கொள்ளா. மேலும், புதையல் எப்போதும் குழியின் வலப்பக்கத்தில் கிடப்பதால், இடப்பக்கமாகச் செல்பவர் குழியைக் கடப்பதற்கு முன்பே அதை எடுத்துக்கொள்ளலாம். திரைகள் வட்டமாகச் சுற்றி வருவதால் எந்தத் திசையில் சென்றாலும் காடு விடுபடாது.

கடினமான பகுதி நேரக் கணக்கு. 1,200 நொடிகளை 255 திரைகளுக்குப் பங்கிட்டால் ஒரு திரைக்கு 4.7 நொடிதான் கிடைக்கும். முதலைக்காகவும் குழிக்காகவும் காத்திருப்பவருக்கு அது போதவே போதாது. அதனால்தான் நிலத்தடிப் பாதை இன்றியமையாததாகிறது. ஏணி வழியே இறங்கிக் கீழே ஒரு திரையைக் கடந்தால், மேலே மூன்று திரைகளைத் தாண்டியதாகக் கணக்கு. ஆனால் இடையில் உள்ள திரைகளில் புதையல் இருந்தால் அது கைவிட்டுப் போகும். சில இடங்களில் செங்கல் சுவர் வழியை மறித்து, வந்த வழியே திரும்ப வைத்துவிடும். எனவே முதல் சில ஆட்டங்களைப் புள்ளிகளுக்காக ஆடாமல், மேலேயே நடந்து, ஒவ்வொரு திரைக்கும் ஓர் எண் கொடுத்து, ஏணி உண்டா, சுவர் ஏணிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது, புதையல் இருக்கிறதா என்ற மூன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஏணியுள்ள திரையில் நிலத்தடியும் சேர்ந்தே தெரிவதால், இறங்காமலேயே சுவரைப் பார்த்துவிடலாம். ஓர் ஆட்டத்தில் முழுக் காட்டையும் எழுதி முடிக்க இயலாது. முதலில் இடப்பக்கமாகவும் அடுத்த முறை வலப்பக்கமாகவும் சென்றால் இரு முனைகளிலிருந்தும் வரைபடம் வளர்ந்துகொண்டே வரும்.

பின்பு, புதையல் இல்லாத நீண்ட இடைவெளிகளைத் தாளில் கண்டுபிடித்து, அவற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் ஏணி அமைகிறதா என்று மூன்று மூன்றாக எண்ணிப் பாருங்கள். அமைந்தால் அதுவே உங்கள் சுரங்கவழி. கீழே தேள் ஹாரியை நோக்கியே நகர்ந்து வரும் என்பதால், அது அருகில் வரும்வரை பதறாமல் நின்று, பிறகு தாவிக் கடக்க வேண்டும்.

ஆட்டம் 2,000 புள்ளிகளுடன் தொடங்குகிறது. பணமூட்டைக்கு 2,000, வெள்ளிக்கட்டிக்கு 3,000, தங்கக்கட்டிக்கு 4,000, வைர மோதிரத்துக்கு 5,000 என்று ஒவ்வொரு வகையிலும் எட்டு இருப்பதால், எட்டக்கூடிய உச்சம் 1,14,000. ஏணியுள்ள திரையின் குழிக்குள் தவறி விழுந்தால் 100 புள்ளிகள் கழியும் என்பதால், அவசரத்திலும் ஏணியைப் பிடித்தே இறங்குங்கள். அக்காலத்தில் 20,000 புள்ளிகளைத் தாண்டிய தொலைக்காட்சித் திரையைப் படமெடுத்து அனுப்பியவர்களுக்கு ஆக்டிவிஷன் உடையில் தைத்துக்கொள்ளும் ஒரு துணிச் சின்னத்தைப் பரிசாக அனுப்பியது. முதல் வாரத்துக்கு அந்த 20,000த்தையே இலக்காக வைத்துக்கொள்ளலாம். வரைபடம் நிறைவதற்குள் கையும் அதற்குப் பழகியிருக்கும்.