லட்சம் மைல் தாண்டிய பாக்ஸ்டர்: எப்படிப் பார்த்து வாங்குவது

ஒரு லட்சம் மைலைத் தாண்டிய பழைய போர்ஷே பாக்ஸ்டரை (துணிக் கூரையைத் திறந்து மூடக்கூடிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) தாராளமாக வாங்கலாம். மைல் எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த மைல்கள் ஓடிய காலத்துக்கான பில்கள் கையில் இல்லையென்றால் மட்டும் பயப்படுங்கள்.

நான் கோயம்புத்தூரில் ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றவன். இப்போது தெற்கு லண்டனில் குரோய்டன் பக்கம் எம்.ஓ.டி. சோதகராக, அதாவது கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று சோதிப்பவனாக, வேலை பார்க்கிறேன். மூன்று வயதைத் தாண்டிய ஏறக்குறைய ஒவ்வொரு காரும் இங்கே ஆண்டுதோறும் இந்தச் சோதனைக்கு வந்தாக வேண்டும். தினமும் கார்களின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்தான் நல்ல கார் என்ற நம்பிக்கையில் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

இதை எழுதக் காரணம் என் அண்ணன் மகன். ரெடிங்கில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். "சித்தப்பா, 2002 பாக்ஸ்டர் எஸ் ரெண்டு பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு 1,18,000 மைல், இன்னொண்ணு 41,000 மைல்தான், ஆனா விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. எதை எடுக்கட்டும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்தத் தலைமுறை என்று தெரிந்துகொள்ளுங்கள். 986 என்ற முதல் பாக்ஸ்டர் 1996-இல் வந்து 2004 வரை ஓடியது. ஆரம்பத்தில் 2.5 லிட்டர் எஞ்சின். 2000 மாடலிலிருந்து 2.7 லிட்டரும், எஸ் என்ற பெயரில் 3.2 லிட்டரும். அடுத்து வந்த 987, 2012 வரை இருந்தது. அதிலும் 2009 மாடலிலிருந்து எஞ்சினே புதிது. இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், பாக்ஸ்டர் என்றதும் எல்லோரும் பயமுறுத்தும் ஐ.எம்.எஸ். பேரிங் அந்தப் புது எஞ்சினில் கிடையாது.

ஐ.எம்.எஸ். பேரிங் என்னவென்று புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இந்தப் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) நேரடியாக கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) சுற்றுவதில்லை. நடுவில் இன்னொரு தண்டு (இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐ.எம்.எஸ்.) இருக்கிறது. கிராங்க் அதைச் செயின் போட்டுச் சுற்றுகிறது, அது இரண்டு பக்க கேம்ஷாஃப்டுகளையும் சுற்றுகிறது. அந்த நடுத்தண்டின் ஒரு முனையைத் தாங்குவது ஒரு பால் பேரிங். இரண்டு பக்கமும் மூடி, உள்ளே கிரீஸ் அடைத்த பேரிங் அது. வருடங்கள் போகப் போக எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது; ஆனால் புது ஆயில் தாராளமாகப் போய் வரவும் வழியில்லை. பேரிங் தேய்ந்து உடைந்தால் தண்டு ஆடும், செயின் நிலை தவறும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் எஞ்சின் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும்.

ஆரம்ப கால எஞ்சின்களில் இரட்டை வரிசைப் பேரிங். அது ஓரளவு உறுதி. 2000-ஐ ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். 2005 வரை வந்த இந்த ரகத்துக்குத்தான் கெட்ட பெயர். 2001 முதல் 2005 வரையிலான கார்களுக்காக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013-இல் சமரசம் ஆனது. 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங். அது வலுவானது, ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. ஒற்றை வரிசை ரகத்தை மாற்றலாம்: கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றினால் பேரிங் கைக்கு எட்டும். அதனால்தான் கிளட்ச் மாற்றும்போதே சேர்த்து மாற்றச் சொல்வார்கள். இங்கே போர்ஷே வேலை மட்டும் செய்யும் தனியார் கராஜ்களில் இரண்டும் சேர்ந்து இரண்டாயிரம் பவுண்டுக்கு அக்கம்பக்கம் ஆகும்.

இப்போது மைல் கணக்குக்கு வருவோம். நன்றாகச் சூடாகி, நீண்ட தூரம் ஓடி, அடிக்கடி ஆயில் மாற்றப்பட்ட எஞ்சின்களில் இந்தப் பேரிங் நீடிக்கிறது என்பது இந்த எஞ்சின்களைப் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக்குகள் பலரும் சொல்வது. கராஜிலேயே நின்று, ஞாயிற்றுக்கிழமை கடைவரை போய் வந்த காரில் ஆயில் சரியாகச் சூடாவதே இல்லை; ஈரமும் அமிலமும் உள்ளேயே தங்கும். அதோடு, லட்சம் மைல் ஓடிய காரில் பெரும்பாலும் கிளட்ச் ஒருமுறையாவது மாறியிருக்கும், அப்போது பேரிங்கும் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 41,000 மைல் காரில் கம்பெனி போட்ட அதே பேரிங் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும். "மாத்தியாச்சு" என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது. எந்தப் பேரிங், எத்தனையாவது மைலில், எந்த கராஜ் என்று பில்லில் இருக்க வேண்டும்.

அடுத்து காகிதம். காரைப் பார்க்கப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. பதிவு எண்ணை மட்டும் கொடுத்தால் அரசாங்கத் தளத்தில் அந்தக் காரின் எம்.ஓ.டி. வரலாறு முழுக்க இலவசமாக வரும். 2005-லிருந்து ஒவ்வொரு சோதனையிலும் எத்தனை மைல், எதில் தோற்றது, சோதகர் என்ன குறிப்பு எழுதினார் என்று எல்லாம் இருக்கும். மைல் எண் பின்னோக்கிப் போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நாங்கள் எழுதும் அறிவுரைக் குறிப்புகளை வரிசையாகப் படியுங்கள். "பிரேக் குழாய்கள் துருப்பிடித்துள்ளன" என்று ஒரு வருடம் எழுதியிருந்து, மறுவருடம் அந்த வரி மறைந்திருந்தால், அநேகமாக யாரோ செலவு செய்திருக்கிறார்கள். அதே வரி நான்கு வருடம் தொடர்ந்து வந்து ஐந்தாம் வருடம் கார் தோற்றிருந்தால், அந்த உரிமையாளர் கட்டாயப்படுத்தினால்தான் பணத்தை எடுப்பவர். அவர் ஆயிலை எப்படி மாற்றியிருப்பார் என்று யூகித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று வருடம் சோதனையே இல்லாத இடைவெளி இருந்தால், கார் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று நேராகக் கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். எம்.ஓ.டி.யில் எஞ்சினின் உள்பகுதியையோ கியர்பாக்ஸையோ கிளட்சையோ நாங்கள் சோதிப்பதில்லை. எதையும் கழற்றிப் பார்க்கவும் எங்களுக்கு அனுமதி இல்லை. "போன வாரம்தான் எம்.ஓ.டி. பாஸ்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், பிரேக், டயர், விளக்கு, புகை போன்றவை அன்றைக்குச் சரியாக இருந்தன என்று எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேறு சாட்சி இருக்கிறது: காரின் கம்ப்யூட்டர். போர்ஷேவுக்கான டயக்னாஸ்டிக் கருவியை மாட்டினால் எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று வரும். மைலை அந்த மணியால் வகுத்துப் பாருங்கள். அண்ணன் மகன் பார்த்த 1,18,000 மைல் காரில் 3,470 மணி நேரம் இருந்தது. மணிக்குச் சராசரி 34 மைல். நெடுஞ்சாலையும் ஊருமாகக் கலந்து ஓடிய காருக்கு இது பொருத்தமான கணக்கு. சராசரி 15 என்று வந்தால், ஒன்று கார் நெரிசலிலேயே வாழ்ந்திருக்கிறது, இல்லையென்றால் மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதே அறிக்கையில் எஞ்சின் எத்தனை முறை எல்லை மீறிச் சுழன்றது, கடைசியாக எந்த மணியில் என்பதும் இருக்கும். இதில் ஒரு வகைதான் ஆபத்து: வேகமாகப் போகும்போது தவறுதலாகக் கீழ் கியரில் போட்டு, சக்கரமே எஞ்சினை அடித்துச் சுழற்றுவது. அது போன மாதம் நடந்திருந்தால் வாங்க வேண்டாம். ஆயிரம் மணி நேரத்துக்கு முன்னால் சில சுற்றுகள் என்றால், அதற்குப் பிறகும் எஞ்சின் தாங்கி ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கருவி உங்களிடம் இருக்காது. சில நூறு பவுண்டு கொடுத்து, போர்ஷே தெரிந்த ஒரு கராஜில் வாங்கும் முன்பே சோதித்துவிடுங்கள். ஆயில் ஃபில்டரைக் கழற்றி மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்; உலோகத் துகள் மின்னினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 3.4 லிட்டர் 987 என்றால் சிலிண்டர் சுவர் கீறல் விழுந்திருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்ப்பதும் அவசியம். இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு கார் பாருங்கள்.

நீங்களே பார்க்க வேண்டியவையும் உண்டு. எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் புகைக்குழாயைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிறு புகை வந்து அடங்கினால் கவலையில்லை. சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால் இரவில் கொஞ்சம் ஆயில் உள்ளே கசிந்திருக்கும். வெள்ளைப் புகை நிற்காமல் மேகமாக வந்தால் ஆயில் ஆவியைப் பிரிக்கும் பாகம் போய்விட்டது. சில நொடி கடகடப்பு இருந்து மறைவதும் சகஜம். சூடான பிறகும் தொடரும் சத்தம்தான் பிரச்சினை.

ஏ.சி.யைப் போட்டுவிட்டு இறங்கி முன்னால் வாருங்கள். இடமும் வலமும் இரண்டு ஃபேனும் சுற்ற வேண்டும். ரேடியேட்டரும் ஏ.சி. கண்டென்சரும் முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன. வாய் திறந்த அந்தக் குகையில் இலை தழை சேர்ந்து, மழையிலும் சாலை உப்பிலும் ஊறி, கண்டென்சர் அரித்துப்போகும். டார்ச் அடித்தால் தெரியும். பின் டிக்கியில் கம்பளம் ஈரமாக இருந்தால் கூலன்ட் தொட்டியில் விரிசல் விட்டிருக்கலாம். இருக்கைக்குக் கீழே கை விட்டுப் பாருங்கள்: கூரைத் துணியின் வடிகால் அடைத்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும், அலாரம் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. நனைந்தால் பூட்டிலிருந்து ஸ்டார்ட் வரை எல்லாம் குழம்பும். கூரையை ஒருமுறை முழுக்கத் திறந்து மூடுங்கள். 2002 வரைக்கும் பின் ஜன்னல் பிளாஸ்டிக், அதனால் மடிப்பில் வெடிப்பு பாருங்கள். ஓட்டும்போது இரண்டாம் கியர் கரகரக்கிறதா, தானாக வெளியே வருகிறதா, வேகத்தடையில் முன்பக்கம் டொக் டொக் என்கிறதா என்று கவனியுங்கள்.

டயரைப் பார்த்தால் உரிமையாளரைத் தெரிந்துகொள்ளலாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கும் நல்ல ஜோடியாக, சமீப வருடத்தவையாக இருந்தால் நல்ல அறிகுறி. நாலு சக்கரத்துக்கு நாலு மலிவு பிராண்ட் என்றால், காரின் மற்ற இடங்களிலும் அதே மனசுதான் வேலை செய்திருக்கும்.

அப்புறம் வரி. 2001 மார்ச் 1-க்கு முன் பதிவான காருக்கு எஞ்சின் அளவை வைத்து வரி, அதற்குப் பிறகு கரியமில வாயுவின் அளவை வைத்து. 2006 மார்ச் 23 முதல் பதிவாகி, கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் வெளியிடும் காருக்கு வரி சட்டென்று ஏறிவிடும். ஒரே மாதிரி இரண்டு 987, பதிவில் ஒரு மாத வித்தியாசத்தால் வருடா வருடம் வெவ்வேறு தொகை கட்டுகின்றன. லண்டனில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் மாசுக் கட்டண மண்டலம் லண்டனின் எல்லா பரோக்களுக்கும், அதாவது உள்ளாட்சிப் பகுதிகளுக்கும், விரிந்துவிட்டது. ஹாரோ, டூட்டிங் என்று நம்மவர்கள் இருக்கும் இடமெல்லாம் உள்ளே வந்துவிட்டது. தகுதியில்லாத கார் என்றால் எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. பழைய 986-களிலும் தப்பிப்பவை உண்டு. வயதை வைத்து முடிவு செய்யாமல் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

டீலரிடம் வாங்கினால், 2015 நுகர்வோர் சட்டப்படி, பழுதான காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. தனிநபரிடம் அந்தப் பாதுகாப்பு இல்லை. பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பதாலேயே கார் அவருடையது ஆகிவிடாது, அதனால் கடன் பாக்கி இருக்கிறதா என்று காசு கொடுத்துச் சரிபாருங்கள்.

அண்ணன் மகனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: கார் வாங்கிய பிறகு, அதன் விலையில் பாதி உன் கணக்கில் மிச்சம் இருக்குமா? இல்லையென்றால் வாங்காதே என்றேன். வேலைக்குப் போக உள்ள ஒரே கார் இதுதான் என்றாலும் வாங்காதே என்றேன். அவனிடம் பணமும் இருந்தது, ரெடிங்கில் ரயிலும் இருக்கிறது. 1,18,000 மைல் காரில் 89,000-த்தில் கிளட்சும் பேரிங்கும் மாற்றிய பில் இருந்தது, எம்.ஓ.டி. குறிப்புகள் ஒவ்வொன்றும் மறுவருடமே மறைந்திருந்தன. கண்டென்சர் இரண்டும் அரித்திருந்தன. அதைக் காட்டி விலையைக் குறைத்து அதையே எடுத்தான். 41,000 மைல் காருக்கு ஆறு வருடத்துக்கு ஒரே ஒரு ஆயில் பில்தான் இருந்தது.

வாங்கிய வாரமே ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொன்னேன், பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்த பிறகு. பிரேக் திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆயிலை, எத்தனை மைல் ஓடினாலும் ஓடாவிட்டாலும், வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். இலையுதிர் காலம் முடிந்ததும் முன் பம்பரைக் கழற்றி ரேடியேட்டர் குகையைச் சுத்தம் செய்ய வேண்டும். அது வீட்டு வாசலிலேயே ஒரு மதியத்தில் முடிகிற வேலை.